கூடுதுறையில் ஒரு முழுக்கு... அப்புறம்தான் மேக்கப்!

விடிகாலை ஐந்தரை மணிக்கே பவானி பேருந்து நிலையம் விழித்துக்கொள்கிறது. ஈரோட்டிலிருந்து வந்து நிற்கும் டவுன் பஸ்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். கையில் ஒயர் கூடை, மாற்றுத் துணிப் பை, பூஜைப் பை. கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் பவுடர், சீப்பு, பொட்டு அட்டை, கண்மை. கூடுதுறைக்குக் கிளம்பும் எந்த வீட்டுப் பெண்ணும் அந்த டப்பாவை மறப்பதில்லை.

மேற்கிலிருந்து வரும் பவானி ஆறும், வடக்கிலிருந்து வரும் காவிரியும் சேரும் இடம் கூடுதுறை. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் இங்கே கலக்கிறது என்பது ஐதீகம். அதனால்தான் முக்கூடல் என்றும், தென்னாட்டுத் திரிவேணி என்றும் சொல்கிறார்கள். கரையிலேயே சங்கமேஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய திருநணா இதுதான்.

பவானிக்கு ஒரு நாள் பயணம் வருபவர்களின் அட்டவணை பெரும்பாலும் ஒன்றுதான். அதிகாலையில் ஆற்றில் முழுக்கு, அப்புறம் சாமி தரிசனம், வெயில் ஏறியதும் ஜமக்காளக் கடை. சாயங்காலம் பக்கத்திலேயே ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ஆற்றைத் தாண்டினால் குமாரபாளையம், கொஞ்ச தூரத்தில் ஈரோடு, இன்னொரு பக்கம் அந்தியூர். வரவேற்பு, நிச்சயதார்த்தம், சீர் என்று எங்கேயாவது ஒரு பத்திரிகை இருக்கவே இருக்கும்.

ஒரே நாளில் முகம் ஆற்றுத் தண்ணீரில் நனைகிறது, மஞ்சளும் குங்குமமும் ஏற்கிறது, கோயில் கூட்டத்தில் வியர்க்கிறது, வெயிலில் காய்கிறது. கடைசியில் கல்யாண மேடையில் வீடியோ லைட்டுக்கு முன்னால் நிற்கிறது. இத்தனைக்கும் ஈடு கொடுக்கும் அலங்காரம் எது? கனமாகப் பூசுவது இங்கே எடுபடாது. மெலிதாக, சொந்த நிறத்திலேயே, வேண்டாதபோது சுலபமாகக் கழுவிவிடும்படி இருப்பதுதான் கடைசி வரை நிற்கும்.

முதல் நாள் இரவே பாதி வேலை

பவானிக்கு ரயில் நிலையம் கிடையாது. ஈரோடு சந்திப்பில் இறங்கி, சுமார் 15 கி.மீ. பேருந்திலோ காரிலோ வர வேண்டும். கோவையிலிருந்து நெடுஞ்சாலையில் வந்தால் ஏறக்குறைய 100 கி.மீ. எப்படி வந்தாலும் ஜன்னல் காற்றும் தூசியும் கூடவே வரும். ஆடி மாதமென்றால் கேட்கவே வேண்டாம், கொங்கு நாட்டில் காற்று ஆளையே தள்ளும்.

அதனால் வீட்டிலேயே முழு மேக்கப் போட்டுக்கொண்டு கிளம்புவது வீண். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ லிப் பாமோ போட்டால் பயணத்துக்குப் போதும். தலையைப் பின்னி, மேலே ஒரு பருத்தித் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் சிக்கு விழாது.

பயணத்துக்கு முதல் நாள் செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, புது கிரீம் எதையும் அன்று முதல்முறையாக முகத்தில் போட்டுப் பார்ப்பது. வாங்கிய உடனே முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி, ஓரிரு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ வரவில்லை என்றால் மட்டும் முகத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டாவது, கடைசி நேரத்தில் த்ரெடிங், வேக்ஸிங், ஃபேஷியல். முடி எடுத்த இடம் புண்பட்டிருக்கும். அதன்மேல் வெயிலும் வியர்வையும் மஞ்சளும் பட்டால் எரிச்சல் நிச்சயம். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே இவற்றை முடித்துக்கொள்வது நல்லது.

ஓடும் பேருந்தில் கண்மை தீட்டவே வேண்டாம். ஒரு வேகத்தடை போதும், பென்சில் கண்ணில் குத்திவிடும்.

படித்துறையில்...

சூரியன் மேலே வருவதற்குள் முழுக்கை முடித்துக்கொள்வது பல விதத்தில் லாபம். கூட்டம் குறைவு, வெயில் இல்லை, சன்ஸ்கிரீனுக்கும் அப்போது வேலை இல்லை. எந்தப் பூச்சும் இல்லாத முகத்தோடு ஆற்றில் இறங்கலாம். ஆற்றுக்கும் அதுதான் நல்லது. ஷாம்பு பாக்கெட்டும் சோப்பும் படித்துறைக்கு வேண்டாம். தலைக்கு ஷாம்பு போடுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். லென்ஸோடு ஆற்றில் முழுகவே கூடாது. ஆறு, குளம், ஏன், குழாய்த் தண்ணீரில்கூட அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும். அன்று காலைக்குக் கண்ணாடி போதும். முழுக்கு முடிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு லென்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

ஈரத் தலையை உடனே இறுக்கிப் பின்னுவது பலருக்கும் பழக்கம். ஈரத்தில் முடி பலவீனமாக இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். முதலில் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுக்க வேண்டும். தளர்வாக ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு தரிசனத்துக்குப் போய்விட்டு, காய்ந்த பிறகு பின்னிப் பூ வைக்கலாம். ஈரத் தலையில் வைத்த மல்லிகை சீக்கிரம் வாடும், தலையும் நாறும்.

கூடுதுறைக்கு எல்லாரும் கொண்டாட வருவதில்லை. அஸ்தி கரைக்க வருபவர்கள் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்க வருபவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அழுது வீங்கிய கண்ணோடு நிற்கும் அம்மாவுக்குப் பொட்டும் பவுடரும் எடுத்து நீட்ட வேண்டியதில்லை. சுத்தமான கைக்குட்டையைக் குளிர்ந்த குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்கள்மேல் ஐந்து நிமிடம் வைத்தால் எரிச்சலும் வீக்கமும் குறையும். உதட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய், குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர். அன்றைக்கு அவருக்கு இந்தக் கவனிப்பே போதும்.

சடங்கு செய்யும் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வெகுநேரம் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த நாள் தோள்பட்டையும் கழுத்தின் பின்புறமும் எரியும். சன்ஸ்கிரீன் பெண்களுக்கு மட்டுமான சமாச்சாரம் அல்ல. முழுக்கு முடிந்ததும் தோளுக்கும் வழுக்கைத் தலைக்கும் காது மடலுக்கும் கொஞ்சம் தடவிவிடலாம்.

ஏழு நிமிட அலங்காரம்

உடை மாற்றும் இடத்தில் கூட்ட நாளில் நின்று நிதானமாகக் கண்ணாடி பார்க்க முடியாது. வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். அங்கே துணியை மட்டும் மாற்றிக்கொண்டு, கோயில் மதிலோரம் நிழலில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

முதலில் முகத்தைத் துடைத்து மாய்ஸ்சரைசர். அடுத்தது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், பி.ஏ. பக்கத்தில் மூன்று கூட்டல் குறி உள்ளதாக இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பொட்டளவு எடுத்துத் தடவினால் பெட்டியில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. எஸ்.பி.எஃப் 30 என்பது வெயிலில் சருமத்தைப் பொசுக்கும் யு.வி.பி கதிரில் சுமார் 97 சதவிகிதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98 சதவிகிதம். வித்தியாசம் அவ்வளவுதான். அதிக எண்ணைத் தேடுவதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுவதுதான் முக்கியம்.

சன்ஸ்கிரீன் சருமத்தில் படிய ஐந்து நிமிடமாவது விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஃபவுண்டேஷன். கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், பருத் தழும்பு. முகம் முழுக்கப் பூசினால் கோயில் பிராகாரத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் வழிந்துவிடும்.

கண்மை கலையாமல் இருக்க ஒரு சின்ன வழி உண்டு. இமை ஓரத்து எண்ணெய்ப் பசையைப் பஞ்சால் ஒற்றிவிட்டு மை இட வேண்டும். அதன்மேல் அதே நிற ஐ-ஷேடோவோ, துளி பவுடரோ பஞ்சுக் குச்சியால் ஒற்றினால் சாயங்காலம் வரை நிற்கும். அம்மாவும் மகளும் ஒரே மைப் பென்சிலைப் பகிர்ந்துகொள்வது பாசம்தான். ஆனால் ஒருவரின் கண் தொற்று இன்னொருவருக்கும் அப்படித்தான் போய்ச் சேரும். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சளும் குங்குமமும்

ஆடி 18 அன்று கூடுதுறையைப் பார்க்க வேண்டும். புதுமணத் தம்பதிகள், முளைப்பாரி, காதோலை கருகமணி, வாழை இலையில் பழம், வெற்றிலை பாக்கு. பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். அது மஞ்சள் விளையும் பூமி. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

மஞ்சள் பூசிய முகத்தின்மேல் ஃபவுண்டேஷன் போட்டால் நிறம் ஆரஞ்சாகத் தெரியும், போட்டோவில் இன்னும் மோசமாக இருக்கும். மஞ்சள் தண்ணீரில் சரியாகப் போகாது, எண்ணெயில் கரையும். பஞ்சில் துளி தேங்காய் எண்ணெய் எடுத்துத் துடைத்து, பிறகு முகம் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். அன்றைக்கு மேக்கப்பையே விட்டுவிட்டு, மஞ்சள் முகத்தோடு கண்மை மட்டும் இட்டுக்கொள்வதும் அழகுதான்.

ரவிக்கையில் மஞ்சள் கறை பட்டால் பலரும் உடனே சோப்பைத் தேய்ப்பார்கள். கறை திடீரென்று சிவந்துபோகும், பயந்துவிடுவார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதும் இதே காரணத்தால்தான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசினாலோ, துளி எலுமிச்சைச் சாறு விட்டாலோ சிவப்பு மறைந்து பழைய மஞ்சளாகிவிடும். பிறகு துவைத்து வெயிலில் காயப் போட்டால் போதும். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, மெல்ல மெல்ல வெளுத்துவிடும்.

குங்குமம் இட்ட இடத்தில் அரிப்போ கறுப்போ வந்தால் மஞ்சளைக் குறை சொல்ல முடியாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய முறைக் குங்குமம் அடர் செந்நிறத்தில் இருக்கும். கண்ணைப் பறிக்கும் ரோஸ் சிவப்பில் விற்பவை பெரும்பாலும் சாயம். அதேபோல ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள சில ரசாயனங்கள் சிலருக்கு அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். இரவில் பொட்டை எடுத்துவிட வேண்டும். அரிப்போ நிறம் வெளுப்பதோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"முகம் தெளிச்சியா இருக்கோணும்..."

பவானிக்கு வருபவர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று பரிகாரத்துக்காகப் பெண்ணை அழைத்து வருபவர்கள். காலையில் பரிகாரம், சாயங்காலமே பெண் பார்க்கும் படலம் என்று ஒரே பயணத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. அப்போது அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு நடப்பது புதிதல்ல.

"அம்மிணி, இந்தக் கிரீமைக் கொஞ்சம் பூசிக்க. அவங்க வர்றப்போ முகம் தெளிச்சியா இருக்கோணும்."

"வேண்டாம்மா, எரியுது."

"ரெண்டு நாளைக்கு எரியும், அப்புறம் பளிச்சுனு ஆயிரும்னு கடைக்காரர் சொன்னாருல்ல கண்ணு!"

அந்த எரிச்சலை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரு வாரத்தில் வெள்ளையாக்கும் என்று விற்கப்படும், பெயர் தெரியாத கிரீம்களில் இரண்டு ஆபத்துகள் இருக்கலாம். ஒன்று பாதரசம், மற்றொன்று ஸ்டீராய்டு.

பாதரசம் சருமத்தில் நிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால் முகம் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, பொதுவாக அரிதாகத் தென்படும் ஒரே வகைப் பாதிப்பு. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. 'கிட்னி இன்டர்நேஷனல்' என்ற மருத்துவ இதழில் இது வெளியானது. ஆறுதலான செய்தி, கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் குறையத் தொடங்கியது.

இந்திய விதிப்படி, கண்ணுக்கான பொருட்கள் தவிர்த்த மற்ற அழகுப் பொருட்களில் பாதரசம் தற்செயலாகக்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. விதிக்குள் அடங்காமல் வரும் கிரீம்களைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி இவற்றில் எது இல்லாவிட்டாலும் தொடவே வேண்டாம். வெளிநாட்டுக் கிரீம் என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். கிரீம் பூசத் தொடங்கிய பிறகு கால் வீக்கம், காரணமில்லாத அசதி, சிறுநீரில் நுரை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், அந்த டப்பாவையும் காட்ட வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பு வேறு கதை. முதல் சில வாரம் பருவும் கருமையும் மறைந்து முகம் மினுங்கும். அப்புறம் தோல் மெலியும், வெயில் பட்டால் சிவந்து எரியும், பரு பெருகும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும், அதனால் விடவும் முடியாது. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்குக் காரணமும் இதுதான். நீண்ட நாள் பூசியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்படி விடுவது நல்லது.

வேதநாயகி அம்மன் சந்நிதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ, இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து அம்மன் தன்னைக் காப்பாற்றியதாக நம்பினார். 1804-ல் தந்தக் கட்டில் ஒன்றைக் காணிக்கை தந்தார். கோயிலுக்குள் வர முடியாத அவர் அம்மனைத் தரிசிக்க மதிலில் மூன்று துளைகள் இடப்பட்டதாகச் சொல்வார்கள். கட்டில் இன்னும் கோயிலில் இருக்கிறது. அம்மனோ கருங்கல் நிறம். எண்ணெய்க் காப்பில் மின்னும் அந்தக் கறுப்பைக் கைகூப்பிக் கண்குளிரப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் மகளின் மாநிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது என்ன நியாயம்?

பெண் பார்க்க வருகிறவர்கள் முன் நிற்பதற்கு, நன்றாகத் தூங்கிய முகமும், கழுவித் துடைத்த சருமமும், மகளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு புடவையும் போதும். எரிகிறது என்று அவள் சொன்னால் அதைக் கேட்க வேண்டும்.

ஜமக்காளத்தில் நிறம் படிக்கலாம்

தரிசனம் முடிந்ததும் கால்கள் தானாக ஜமக்காளக் கடைக்குப் போகும். குழித்தறியில் கெட்டி நூலால் நெய்யும் பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் எத்தனை தலைமுறை இதில் உட்கார்ந்து பந்தி பேசியிருக்கும்!

கடையில் அடுக்கிய ஜமக்காளங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். அடர் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று எல்லாமே அழுத்தமான பட்டைகள். ஒன்றின் பக்கத்தில் ஒன்று நின்றாலும் எதுவும் மங்குவதில்லை. நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இதே கணக்குதான். வெளிர் ரோஸ் லிப்ஸ்டிக் உதட்டை வறண்டதாகக் காட்டும். செங்கல் நிறம், அரக்கு, நாவல்பழ நிறம் போட்டால் முகமே எடுப்பாக இருக்கும்.

ஃபவுண்டேஷன் வாங்கும்போது புறங்கையில் தடவிப் பார்ப்பது தவறு. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில் மூன்று கோடு இழுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்கள் நிறம். ஒரு படி வெளுப்பாக எடுத்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல ஆகும், கழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

மத்தியான வெயிலில் பவானி, ஈரோடு பக்கம் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். குடையும் தண்ணீர் பாட்டிலும்தான் அப்போதைய முதல் மேக்கப். சன்ஸ்கிரீனை மறுபடி தடவ இது சரியான நேரம். வியர்வையை டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, இருக்கும் மேக்கப்பைத் தேய்க்காமல் விரலால் தட்டித் தட்டிப் போட்டால் போதும். மங்கு உள்ளவர்களுக்குச் சரும நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். வெள்ளைத் திட்டும் தெரியாது.

சாயங்காலம், மண்டபத்தில்

வரவேற்புக்குப் போகும்முன் மேக்கப்புக்குமேல் மேக்கப் அப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. வியர்வையும் தூசியும் உள்ளே இருக்க, மேலே காம்பாக்ட் போட்டால் திட்டுத் திட்டாகும். நேரமிருந்தால் முகம் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். நேரமில்லை என்றால் டிஷ்யூவை முகத்தில் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்து, நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் பவுடர் ஒற்றி, லிப்ஸ்டிக்கைப் புதுப்பித்தால் போதும். அதே லிப்ஸ்டிக்கில் துளி எடுத்துக் கன்னத்தில் தட்டிவிட்டால் ரூஜ் வேண்டாம்.

மேடை ஏறும்முன் செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி. சில பவுடர்களும் சில சன்ஸ்கிரீன்களும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, முகத்தை மட்டும் வெள்ளையாகக் காட்டும். ஆல்பம் வந்த பிறகு வருத்தப்படுவதைவிட அங்கேயே துடைத்துவிடலாம்.

கவரிங் நகையால் காதும் கழுத்தும் அரிக்கிறதா? நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். நகையின் உள்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை இரண்டு கோட் பூசிக் காயவைத்து அணிந்தால் அன்றைய பொழுது சமாளிக்கலாம். மண்டபத்தில் யாராவது கறுப்பு மருதாணிக் கோன் நீட்டினால் மறுத்துவிட வேண்டும். மருதாணி இலை சிவக்குமே தவிர கறுக்காது. அரைமணியில் கறுக்கிறது என்றால் அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கலாம், கொப்புளமும் தழும்பும் வரும்.

திரும்பும் பேருந்தில்

எவ்வளவு அசதி என்றாலும் மேக்கப்போடு தூங்கக் கூடாது. மண்டபத்திலேயே பஞ்சில் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கண்மையையும் லிப்ஸ்டிக்கையும் துடைத்து, முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவிவிட்டால் வீடு போய்ச் சேரும்போது மிச்சம் எதுவும் இருக்காது. பரு வரும் முகமென்றால் எண்ணெயைக் கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக்கு ஃபேஸ்வாஷ். நாள் முழுக்கச் செருப்பில்லாமல் கோயில் கல்லில் நடந்த பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, குதிகாலுக்குக் கொஞ்சம் வாசலின்.

பவானிப் பை

மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், சொந்த நிறத்தில் ஒரு ஃபவுண்டேஷன் அல்லது காம்பாக்ட்.
கண்மை, அடர் நிற லிப்ஸ்டிக் ஒன்று, பொட்டு அட்டை.
சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய், பஞ்சு, பஞ்சுக் குச்சி, டிஷ்யூ.
அகலப் பல் சீப்பு, ஹேர்பின், சேஃப்டி பின், கைக்கண்ணாடி.
ஈரத் துணி வைக்கத் தனிப் பை ஒன்று. ஆற்றில் எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

இரவு ஒன்பது மணிக்கு ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். கழுவிய முகம், அவிழ்த்துவிட்ட தலை, நெற்றியில் காலையில் இட்ட குங்குமத்தின் லேசான சிவப்பு மட்டும் மிச்சம். பக்கத்தில் அம்மா அவள் தோளில் சாய்ந்து தூங்குகிறார். பஸ் கிளம்பியதும் ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கிறது. அவள் செல்போனை எடுத்து, தூங்கும் அம்மாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறாள். ஃபில்டர் போடவில்லை.